காரணம் கேட்காத காலண்டர்

நான் வரைந்த திரைகளிலேயே உருப்படியானது எது என்று யாராவது கேட்டால், ஒரு சாம்பல் நிறப் பெட்டியைத்தான் காட்டுவேன். 'நேரம் இல்லை' என்பதைத் தவிர அதில் ஒரு எழுத்தும் கிடையாது. அதற்காக நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல.

எங்கள் செயலி பயிற்சியாளர்களுக்கானது. நீச்சலோ, சதுரங்கமோ, கிடாரோ, சொல்லிக்கொடுப்பவர்கள் அதில் தங்கள் நேரத்தைப் போட்டுவைப்பார்கள். கற்றுக்கொள்பவர்கள் காலியான நேரத்தைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் பயிற்சியாளர்களின் சொந்த வேலைகளெல்லாம் அவர்கள் போன் காலண்டரில் கிடக்கும். பல் டாக்டர் முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு இங்கே யாராவது வகுப்புப் போட்டிருப்பார்கள். இரண்டு காலண்டரையும் இணைத்து, அங்கே வேலை இருந்தால் இங்கே தானாக அடைபடும்படி செய்ய வேண்டும். வடிவமைப்பு என் பொறுப்பு. நிரல் எழுதியவன் பூனை. சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போவதால் அலுவலகத்தில் அவனுக்கு அந்தப் பெயர்.

சோதனைக்கு உண்மையான பயிற்சியாளர் ஒருவர் வேண்டியிருந்தது. நீச்சல் சொல்லிக்கொடுக்கும் என் அக்காவைக் கேட்டேன்.

"என் நேரம் மட்டும்தானே போகும்?" என்றாள்.

"நேரம் மட்டும்தான்க்கா."

பூனை அவசரத்தில் நேரத்தோடு ஒவ்வொரு குறிப்பின் தலைப்பையும் சேர்த்து இழுத்துவிட்டிருந்தான். மறுநாள் சோதனை போனில் அக்காவின் வாரம் வந்து நின்றது. வியாழன் மாலை: 'தோள் பிசியோ. கேட்டா பேங்க் வேலைன்னு சொல்லணும்.' அடுத்த வியாழனும் அதே. வாராவாரம் பேங்குக்குப் போகிற அளவுக்கு அவளிடம் என்ன இருக்கிறது?

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்னிடம்கூட மறைத்திருக்கிறாள். ஏன் என்றும் புரிந்தது. தோளில் கோளாறு உள்ள நீச்சல் பயிற்சியாளரிடம் யார் பிள்ளையை அனுப்புவார்கள்? அவள் குடும்பமே அந்த வகுப்புகளை நம்பித்தான் ஓடுகிறது. வேறு யாரும் பார்ப்பதற்குள் அவள் இணைப்பை அழித்துவிட்டு, தலைப்பை எடுக்கச் சொல்லிப் பூனையிடம் ஓடினேன்.

பூனை அதற்குள் தன் காலண்டரை இணைத்து, கூட்ட அறையில் சாரிடமும் மற்றவர்களிடமும் காட்டிக்கொண்டிருந்தான். சார்தான் எங்கள் நிறுவனத்தின் முதலாளி.

"இது நல்லாயிருக்கே. காரணம் தெரிஞ்சா பெத்தவங்களுக்கு நம்பிக்கை வரும். இப்படியே விடுங்க."

"வேண்டாம் சார். அது அவங்க சொந்த விஷயம்."

"யாருக்கு என்ன கஷ்டம் வந்துடும்? ஒரு உதாரணம் சொல்லுங்க."

நாக்கு நுனி வரை வந்த உதாரணத்தை விழுங்கினேன். சொன்னால் நானே அக்காவைக் காட்டிக்கொடுத்தவளாவேன். பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது வேறு.

"அப்போ உங்க காலண்டரை இணைங்க சார். எல்லாரும் பார்க்கலாம்."

வேலை போகப்போகிறவளைப் பார்ப்பது போலப் பூனை என்னைப் பார்த்தான். சார் சிரித்துக்கொண்டே இணைத்தார். அறையின் பெரிய திரையில் அவர் வாரம் விரிந்தது. மீட்டிங், மீட்டிங், மீட்டிங், கார் சர்வீஸ்.

"பார்த்தீங்களா? ஒளிக்க என்ன இருக்கு?" என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

அதற்குள் அவரும் மனைவியும் பொதுவாக வைத்திருந்த குடும்பக் காலண்டரும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. அதை அவர் திறந்தே பல மாதம் ஆகியிருக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறு மாலையிலும் அவர் மனைவி ஒரே வரியைப் போட்டிருந்தார்: 'இவரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.'

சார் முகத்தில் ஈயாடவில்லை. யாரும் சிரிக்கவில்லை. பூனை எழுந்துபோய்த் திரையை அணைத்தான்.

"நேரம் இல்லைன்னு மட்டும் போடுங்க" என்றார் சார். "காரணம் நம்ம பக்கம் வரவே கூடாது." அன்று அவர் சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

காரணத்தை வாங்கி மறைப்பது வேறு, வாங்காமலே விடுவது வேறு. நான் கேட்டதைவிட இது பெரிது. பூனையும் நானும் விழுந்து விழுந்து வேலை செய்தோம். பெட்டிக்குச் சிவப்பு அடித்தால் பயிற்சியாளர் ஏதோ தப்பு செய்தவர் போலத் தெரிந்தது, சாம்பலுக்கு மாற்றினேன். நண்பரின் பிறந்தநாளைக் குறித்து வைத்தவருக்கு அந்த நாள் முழுக்க அடைபட்டுப்போனது, அதையும் சரிசெய்தோம்.

அது வெளியான வாரம், அக்கா தன் காலண்டரை மறுபடி இணைத்த பிறகு, நீச்சல் குளத்துக்குப் போனேன். அக்கா ஈரத் தலையோடு ஒரு மாணவியின் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"வியாழன் சாயங்காலம் முடியாதா?" என்றார் அந்த அம்மா, தன் போனைப் பார்த்தபடி.

"அன்னைக்கு நேரம் இல்லைங்க. வெள்ளி காலியா இருக்கு பாருங்க."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. வெள்ளியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் அவரை நிறுத்தி, அந்தப் பெட்டியை வரைந்தது நான்தான் என்று சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது.

அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நல்லா பண்ணியிருக்கடி. யாரும் ஏன்னு கேக்கறதில்ல. நிம்மதியா இருக்கு." இடது கையால் மட்டும் தலையைத் துவட்டினாள். "வியாழக்கிழமை நான் எங்க போறேன்னு உனக்குக்கூடத் தெரியாதுல்ல?"

"தெரியாதுக்கா."

"தோள் வலிடி. பிசியோவுக்குப் போறேன். வேற யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்ட சொல்லணும்னு தோணிச்சு."

"எப்பலேர்ந்து?" என்று கேட்டேன். அவள் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டேன்.