அழுத்தினால் நிற்காத மெசின்

நல்லம்மாள் போலிங் பந்தை இரண்டு கைகளாலும் ஏந்தி, பந்து தேய்க்கிற மெசினின் கிண்ணத்தில் இறக்கினாள். செம்பனைக் குலை தூக்கிப் பழகிய கைகளுக்கு அது ஒரு பாரமில்லை. ஆனால் கண்ணாடிபோல வழுக்கியது. கீழே போட்டுவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

“வெரல் ஓட்டை கீழ இருக்கட்டும் அண்ணி. மொதல்ல இந்தப் பக்கத்தத் தேய்ப்போம்,” என்றாள் கலாவதி.

அவள் அடுப்படி வாசலில், சாய்வு நாற்காலியில், இருபுறமும் தலையணை அண்டக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் கட்டி. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து தம்பி பெண்டாட்டியைப் பார்த்துக்கொள்ள நல்லம்மாள் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து தங்கியிருந்தாள். தம்பி சிவானந்தத்துக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. அவன் வலி மருந்து வாங்கப் பத்தாங் பெர்ஜுந்தாய் பட்டணத்துக்குக் கிளம்பியதும், “என்னெ அடுப்படிக்குக் கொண்டு போங்கண்ணி,” என்று கலாவதி பிடிவாதம் பிடித்தாள்.

பந்து நஜீபாவுடையது. கோலசிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மீரா சாகிபுவின் மகள். கலாவதியோடு ஒரே குழுவில் போலிங் ஆடுகிறவள். பலகைத் தடத்தில் பந்தை உருட்டி, கோடியில் நிற்கும் கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம் அது. அன்று மாலை கோலாலம்பூரில் அவர்களுக்கு இறுதி ஆட்டம். குழுவில் எல்லோருடைய பந்தையும் கலாவதிதான் வீட்டில் வைத்துத் தேய்த்துக் கொடுப்பது வழக்கம்.

“இப்ப இது ரொம்ப அவசியமா, கலா?”

“அவசியந்தான்.”

நல்லம்மாள் சுவிட்சைத் தட்டினாள். இரும்புப் பெட்டிக்குள் மோட்டார் உறுமியது. கிண்ணம் சுழல, அதோடு பந்தும் சுழன்றது. கருநீலப் பந்து சுற்றுகிற வேகத்தில் அசையாமல் நிற்பதுபோல இருந்தது.

இந்த மெசின் வாங்கிய அன்று நல்லம்மாளும் கூடப் போயிருந்தாள். தீபாவளிச் சேலை எடுக்கக் கோலாலம்பூர் போனவர்களைக் கலாவதி போலிங் சாமான் விற்கும் ஒரு சீனன் கடைக்குள் கூட்டிப் போனாள். கடைக்காரன் முதலில் சின்னதாக, பளிச்சென்று ஒன்றைக் காட்டினான். பம்பரமாகச் சுற்றியது. சிவானந்தத்துக்குப் பிடித்துவிட்டது. கலாவதி ஒரு பந்தை அதன்மேல் வைக்கச் சொல்லி, உள்ளங்கையால் அழுத்தினாள். மெசின் முனகிக்கொண்டே நின்றுவிட்டது. பிறகு மூலையில் கிடந்த, சாயம் போன, தூக்கவே இரண்டு பேர் வேண்டிய ஒன்றைக் கேட்டாள். அது சின்னதைவிட மெதுவாகத்தான் சுற்றியது. அழுத்தினாள். சுற்றியது. உடம்பையே சாய்த்து அழுத்தினாள். அப்போதும் சுற்றியது. கிண்ணத்து ரப்பரைக் கிள்ளிப் பார்த்தாள். மேசைமேல் கை வைத்து அதிர்வு பார்த்தாள். “இதுதான்,” என்றாள். சிவானந்தம் வழியெல்லாம் அதைத் திட்டிக்கொண்டே தூக்கி வந்தான்.

“தாள நல்லா நனைங்க. பந்துல படிய வச்சு அழுத்துங்க,” என்றாள் கலாவதி.

நல்லம்மாள் மணல்தாளைத் தண்ணீரில் தோய்த்துப் பந்தின்மேல் வைத்தாள். கை கூசியது. சாம்பல் நிறத் தண்ணீர் வழிந்து கீழே வைத்த தட்டில் சொட்டியது.

“நல்லாத்தானே மினுமினுன்னு இருக்கு? எதுக்குத் தேய்க்கணும்?”

“மினுமினுன்னு இருந்தா வழுக்கிக்கிட்டே போயிரும் அண்ணி. தடத்துல எண்ணெ பூசியிருப்பாங்க. பந்து சொரசொரன்னு இருந்தாத்தான் எண்ணெ முடியற எடத்துல பலகையப் புடிச்சுத் திரும்பும்.”

“தானாவா திரும்பும்?”

“ஓரத்துக்கே போவும். பள்ளத்துல விழுந்துருச்சுன்னு நெனைப்பீங்க. அப்ப உள்ள திரும்பும்.”

நல்லம்மாள் நம்பவில்லை. சனிக்கிழமை தவறாமல் கனத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கலாவதி பஸ் ஏறுவதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். அங்கே போய் அவள் என்ன செய்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை.

“அண்ணி, ஒரே எடத்துல நிக்கிறீங்க. சத்தம் மாறுது பாருங்க. கைய மேலேருந்து கீழ கொண்டு வாங்க.”

கலாவதி கண்ணை மூடியிருந்தாள். நல்லம்மாள் கையை நகர்த்தினாள். சத்தம் சீரானது.

ஒரு பக்கம் முடிந்ததும் பந்தைப் புரட்டி வைத்து மறுபக்கம் தேய்த்தார்கள். பிறகு கலாவதி இன்னும் மெல்லிசான தாளைக் கேட்டாள். “இத நான் பண்றேன்.”

“சும்மா இரு. காலையில கஞ்சிக் கரண்டியப் புடிக்க முடியல ஒன்னால.”

“நாற்காலிய இழுங்கண்ணி.”

நல்லம்மாள் இழுத்துவிட்டாள். கலாவதி முன்னால் குனிந்து கையை நீட்டினாள். எலும்பின்மேல் தோல் போர்த்திய கை. விழுந்தால் பிடித்துக்கொள்ள நல்லம்மாள் அவள் தோளுக்குப் பின்னால் நின்றாள்.

உள்ளங்கை பந்தின்மேல் படிந்தது. நடுங்கவில்லை. மணிக்கட்டு வளையாமல், உச்சியிலிருந்து இடுப்பு வரைக்கும் இறங்கி, மறுபடி ஏறியது. அத்தனை வேகத்தில் சுழலும் ஒன்றின்மேல் அந்தக் கை தூங்குகிற குழந்தையின் தலையில் வைத்ததுபோல அமைதியாக இருந்தது. கலாவதியின் முகத்தில் வலி இல்லை. நோயும் இல்லை. அவள் அங்கே இருந்தாள், முழுவதுமாக. நல்லம்மாள் கண் எடுக்காமல் பார்த்தாள். கோயிலில் சாமி வந்த பெண்களைப் பார்த்திருக்கிறாள். அவர்கள் ஆடுவார்கள். இவள் அசையவே இல்லை.

தண்ணீர் வழிய வழிய, பந்தின் மினுமினுப்பு அடங்கி, மழைக்கு முந்திய வானம்போல ஒரே சீரான நீலமாக ஆனது.

“நிறுத்துங்கண்ணி.”

கலாவதி கட்டைவிரலால் பந்தை ஒருமுறை தடவினாள். “போதும்,” என்றாள். அதற்கப்புறம் அவளைத் தூக்கித்தான் கட்டிலுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

மத்தியானம் நஜீபா தன் வாப்பா மீரா சாகிபுவோடு காரில் வந்தாள். பந்தைத் தொட்டுப் பார்த்ததும் யார் தேய்த்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கட்டிலருகே மண்டியிட்டாள்.

“எதுக்குக்கா இப்படிப் பண்ணீங்க?”

“அழாத லா, நஜீபா. கண்ணு வீங்கினா தடம் தெரியாது.” கலாவதி மூச்சு வாங்கிக்கொண்டாள். “கொஞ்சம் வெளி ஓரமாத் தள்ளிப் போடு. பந்து திரும்பி வரும். நம்பிப் போடு.”

கார் போன பிறகு சிவானந்தம் மருந்தோடு வந்தான். அடுப்படியில் ஈரத்தைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். துணி எடுத்து மெசினைத் துடைத்து வைத்தான்.

பொழுது சாயும்போது கலாவதி கண் விழித்து, “ஆரம்பிச்சிருப்பாங்களா?” என்று கேட்டாள்.

“இந்நேரம் ஆரம்பிச்சிருப்பாங்க,” என்றான் சிவானந்தம்.

அவள் தலையை அசைத்தாள். ஆலைச் சங்கு ஊதி, வேலை முடிந்தவர்கள் சைக்கிளில் வாசலைக் கடந்து போய்க்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. சிவானந்தம் அதை நம்பாமல் அவள் காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் வாசலில் கூடாரம் போட்டிருந்தது. நஜீபா தலைக்கு முக்காடிட்டு, குழுவின் தலைவியான சீனப் பெண்ணோடும் இன்னும் சிலரோடும் வேனில் வந்து இறங்கினாள். நேராக நல்லம்மாளிடம் வந்தாள்.

“ரெண்டாவதா வந்தோம்மா.”

“நீ எப்படி ஆடுனே?”

“கடைசிப் பந்து ஓரத்துக்கே போயிருச்சும்மா. போச்சுன்னு கண்ண மூடிட்டேன். சத்தம் கேட்டுத்தான் தெறந்தேன். ஒன்னு மிச்சமில்ல, எல்லாக் கட்டையும் விழுந்து கெடக்கு.”

நல்லம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். “திரும்புச்சா?”

“திரும்புச்சும்மா.”

நல்லம்மாள் அந்தப் பந்தைத் தேய்த்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். பிறகு சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

வாய்க்கரிசி போட உறவுப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். வேனில் வந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் கூடாரத்து ஓரம் ஒதுங்கியிருந்தார்கள். நல்லம்மாள் அரிசித் தட்டை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போனாள்.

“அவங்க எதுக்கு? சொந்தக்காரங்க போடட்டும்,” என்றார் பெரியப்பா உடையப்பன்.

“இவங்களும் அவளோட ஆளுங்கதான், பெரியப்பா.”

நஜீபாவிடம் தட்டை நீட்டவில்லை; அவள் மார்க்கத்தில் அந்த வழக்கமில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். சீனப் பெண்ணின் கையில் அரிசியை வைத்து, எப்படிப் போடுவதென்று காட்டினாள். அந்தப் பெண் குனிந்து, கலாவதியின் உதட்டருகே மெதுவாக உதிர்த்தாள்.

அந்தப் பெண்ணின் வியர்த்த உள்ளங்கையில் சில அரிசி மணிகள் ஒட்டிக்கொண்டன. அவள் அவற்றைத் தட்டிவிடவில்லை. விரல்களை மடக்கிக்கொண்டு, வேனில் ஏறும்போதும் மறு கையாலேயே கம்பியைப் பிடித்து ஏறினாள்.