பத்தொன்பது பிடி உப்பு

கலைப்பிரியாவின் வகுப்பில் வாரத்துக்கு ஒரு பொருள். ஒரு வாரம் நிழல், ஒரு வாரம் விதைகள், ஒரு வாரம் வால் உள்ள பிராணிகள். திங்கட்கிழமை சுவரில் புது அட்டை மாட்டுவாள். செவ்வாயன்று செய்து பார்ப்பார்கள், புதனன்று வரைவார்கள், வியாழனன்று எண்ணி எழுதுவார்கள். வெள்ளிக்கிழமை இடைவேளை முடிந்ததும் பக்கத்து அறை அங்கன்வாடிக் குழந்தைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் விட்டபடி வந்து உட்காருவார்கள். அந்த வாரம் கற்றதையெல்லாம் பெரியவர்கள் அவர்களுக்குச் செய்து காட்ட வேண்டும். பெரியவர்கள் என்றால் ஏழு வயது, எட்டு வயது.

மரக்காணம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஓடைக்கழி தொடக்கப்பள்ளிக்கு அவள் மாற்றலாகி வந்து எட்டு மாதம் ஆகிறது. வீடு திண்டிவனத்தில். மூன்று வகுப்புக்கும் சேர்த்து ஒரே அறை, இருபத்தாறு பிள்ளைகள். எல்லாவற்றையும் திட்டம் போட்டுச் செய்கிறவள் என்று தலைமையாசிரியர் பிரான்சிஸ் சாரே அவளைப் பற்றிச் சொல்வார். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

மார்ச் மாதத்தில் 'மிதக்கும், மூழ்கும்' வாரம் வந்தது. செவ்வாய்க்கிழமை பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் பிடித்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். இலை மிதந்தது. சாவி மூழ்கியது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மிதந்தது, அதற்குப் பெரிய கைதட்டல். முட்டை மூழ்கியது. பிறகு அட்டையில் படம் ஒட்டுகிற வேலை. முட்டைப் படம் இரண்டாம் வகுப்பு சங்கவியின் கைக்கு வந்தது. அவள் யோசிக்கவே இல்லை. நேராகப் போய் 'மிதக்கும்' பக்கத்தில் ஒட்டினாள்.

"சங்கவி, முட்டை மூழ்கிச்சே, பாக்கலயா நீ?" என்றாள் கலைப்பிரியா.

"மெதக்கும் டீச்சர்."

"எதுலடா மெதக்கும்?"

"எங்கம்மா தண்ணில."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அம்மா தண்ணியாம், அம்மா தண்ணியாம் என்று கோகுலகிருஷ்ணன் பெஞ்சைத் தட்டினான். கலைப்பிரியாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே படத்தைப் பிய்த்து 'மூழ்கும்' பக்கத்தில் ஒட்டினாள். சங்கவி தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு மணி அடிக்கிறவரை அவள் தலை நிமிரவில்லை. அதைக் கலைப்பிரியா கவனிக்கவில்லை.

புதன்கிழமை சங்கவி வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. அவள் அம்மா பாஞ்சாலியின் போனுக்கு இரண்டு தடவை அடித்தும் யாரும் எடுக்கவில்லை. அங்கன்வாடி உதவியாளர் பூமாலை சங்கவியின் தெருக்காரர். சாயங்காலம் அவரிடம் கேட்டாள்.

"அது ஸ்கூலுக்கு வரமாட்டேன்னு ஒரே அழுவ டீச்சர். பாஞ்சாலி இன்னா பண்ணும், உப்பளத்துக்குக் கூட்டிக்கினு போவுது. தெருவுல பசங்க அத முட்டை, முட்டைன்னு கூப்புடுதுங்க."

"யாரு அப்படிக் கூப்பிடறது? நான் கண்டிக்கிறேன்."

பூமாலை குழந்தைகளின் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலேயே சொன்னார்: "நீங்களும்தான் சிரிச்சீங்களாமே டீச்சர்."

அன்று திண்டிவனம் போகிற பஸ்ஸில் கலைப்பிரியாவுக்கு உட்கார இடம் கிடைத்தது. ஆனாலும் வழி முழுக்க நிம்மதியாக உட்கார முடியவில்லை. சிரித்தது நிஜம். அதில் தப்பு என்ன என்றுகூட முதலில் தோன்றவில்லை. தோன்றாமல் இருந்ததுதான் அவளை உறுத்தியது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தாள். பள்ளிக்கு இரண்டு நிறுத்தம் முன்பாக, உப்பளத்துக்குப் பிரிகிற இடத்தில் இறங்கினாள். எட்டு மாதமாக ஜன்னல் வழியாகப் பார்த்த இடம்தான். இறங்கி வரப்பில் நடந்தபோதுதான் அது எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. கண்ணுக்கு எட்டியவரை சதுரம் சதுரமாகத் தண்ணீர் கட்டிய பாத்திகள். கடற்காற்றில் உதட்டில் உப்பு கரித்தது. பெண்கள் விடியும் முன்பே வேலையைத் தொடங்கியிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும்.

பாஞ்சாலி பலகையால் உப்பை இழுத்து வரப்பில் சேர்த்துக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் பலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"டீச்சர், திங்கக்கெழம கண்டிப்பா அனுப்பிடுறேங்க. பேர எடுத்துடாதீங்க."

"பேரெல்லாம் எடுக்க வரலம்மா. நான் சங்கவியப் பாக்கத்தான் வந்தேன்."

சங்கவி உப்புக் குவியலுக்குப் பின்னால் ஒரு குடை நிழலில் உட்கார்ந்திருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கலைப்பிரியா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் பக்கத்தில் குந்தினாள்.

"அன்னைக்கி எங்கம்மா தண்ணின்னு சொன்னியே. அது எதுன்னு எனக்குக் காட்டுறியா?"

சங்கவி கையை மட்டும் நீட்டிக் கடைசிப் பாத்தியைக் காட்டினாள்.

பாஞ்சாலி சிரித்துவிட்டாள். "அதானா விஷயம்? இதுவும் சரியா சொல்லல பாருங்க. மேஸ்திரிகிட்ட கண்ணாடிக் குழாய் ஒண்ணு இருக்கு டீச்சர், தண்ணில உட்டு உப்பு ஏறிடுச்சான்னு பாக்கறதுக்கு. எங்களுக்கு முட்டதான்." சாப்பாட்டுப் பையிலிருந்து துணியில் சுற்றிய பச்சை முட்டை ஒன்றை எடுத்தாள். குனிந்து பாத்தியில் மெதுவாக விட்டாள்.

முட்டை ஒரு தடவை உருண்டது. பிறகு ரூபாய் நாணயம் அளவுக்குத் தலையை வெளியே காட்டிக்கொண்டு காற்றில் மெல்ல நகர்ந்தது.

கலைப்பிரியா பி.எஸ்சி. படித்தது இயற்பியல். அடர்த்தி பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். மேஸ்திரியின் அந்தக் கண்ணாடிக் குழாயைக் கல்லூரி ஆய்வகத்தில் அவளே கையில் பிடித்திருக்கிறாள். அதன் பெயர்கூட மறக்கவில்லை. உப்பளத்துக்கு இவ்வளவு பக்கத்தில் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டு, ஒரு பிள்ளை மிதக்கும் என்று சொன்னபோது இது மட்டும் அவள் நினைவுக்கு வரவில்லை.

"நான்தான் தப்பா சொல்லிட்டேன் சங்கவி," என்றாள்.

சங்கவி முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தாள். "பசங்ககிட்டயும் சொல்வீங்களா?"

"சொல்றேன்."

"கோகுல்கிட்ட?"

"எல்லார்கிட்டயும்."

சங்கவி எழுந்து பாவாடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். பாஞ்சாலி ஒரு பெயின்ட் பக்கெட்டில் பாதிக்கு மேல் உப்புத் தண்ணீர் மொண்டு, முட்டையையும் கொடுத்தாள். பக்கெட்டின் பிடியை டீச்சர் ஒரு பக்கமும் பிள்ளை ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தார்கள். ஷேர் ஆட்டோக்காரர் கால்மாட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார். பள்ளிக்கு வந்ததும் பக்கெட்டைக் குழாயடியில் வைத்துவிட்டு, மணி அடித்துவிட்டதால் இருவரும் அவசரமாகப் பிரார்த்தனைக்கு ஓடினார்கள்.

இடைவேளை முடிந்தது. அங்கன்வாடி ரயில் வந்து சேர்ந்தது. கலைப்பிரியா பிள்ளைகள் முன்னால் நின்றாள்.

"செவ்வாய்க்கிழமை நான் உங்களுக்கு ஒண்ணு தப்பா சொன்னேன். சங்கவி சரியா சொன்னா. அதுக்கு நான் சிரிச்சேன். சிரிச்சிருக்கக் கூடாது. இன்னைக்கி அவ உங்களுக்குச் செஞ்சி காட்டப் போறா."

சங்கவி முட்டையைத் தொட்டியில் போட்டாள். அது மூழ்கியது. எடுத்து, துடைத்து, பக்கெட்டில் விட்டாள்.

அதிலும் முட்டை நேராக அடிக்குப் போய் உட்கார்ந்தது.

பின் வரிசையிலிருந்து, "முட்டை!" என்று கோகுலகிருஷ்ணன் குரல் கொடுத்தான். சிரிப்பு கிளம்பியது. கலைப்பிரியா விரலைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்தாள். சப்பென்று இருந்தது.

வாசலில் நின்ற பூமாலை வாயில் கைவைத்தார். "ஐயையோ டீச்சர், அது உப்பளத்துத் தண்ணியா? நல்ல தண்ணின்னு நெனச்சி வாசல் கழுவிட்டேன். பக்கெட்டு காலியாயிடுச்சேன்னு கொழாயில புடிச்சி வெச்சேன்."

திங்கட்கிழமை செய்துகொள்ளலாம் என்று சொல்லத்தான் கலைப்பிரியா வாயைத் திறந்தாள். திரும்பிப் பார்த்தால் சங்கவி இல்லை. சமையலறைப் பக்கமிருந்து சத்துணவுச் சமையல்காரர் வெள்ளையம்மாளின் சத்தம் கேட்டது.

"ஏ பொண்ணே, உப்பு டப்பாவத் தூக்கிக்கினு எங்க ஓடற? சாம்பாருக்கு நான் இன்னா பண்றது?"

சங்கவி டப்பாவை மார்போடு அணைத்தபடி வகுப்புக்குள் வந்தாள். பின்னாலேயே கரண்டியோடு வெள்ளையம்மாள்.

"உப்பு நான் வாங்கித் தர்றேன்க்கா. அந்தக் கரண்டியையும் கொஞ்சம் குடுங்க," என்றாள் கலைப்பிரியா.

"உப்பு பத்தல டீச்சர். அதான்," என்றாள் சங்கவி. அழுத முகம் இல்லை அது. வேலை இருக்கிற முகம். வகுப்பைச் சுற்றிப் பார்த்தாள். "கோகுலு, நீ வா. ஒரு பிடி போடு."

கோகுலகிருஷ்ணன் தயங்கித் தயங்கி வந்தான். ஒரு பிடி அள்ளிப் போட்டான். சங்கவி கரண்டியால் கலக்கி, உப்பு கரைந்ததும் முட்டையை விட்டாள். மூழ்கியது. "ரெண்டாவது யாரு?" என்றாள்.

வரிசை தானாக உருவானது. ஆளுக்கு ஒரு பிடி. ஒவ்வொரு பிடிக்கும் முட்டையை வெளியே எடுத்து, கலக்கி, மறுபடி விட வேண்டும். கூட இருந்தவர்கள் எண்ணினார்கள். அங்கன்வாடிக் குழந்தைகளும் பத்து வரைக்கும் சரியாக எண்ணிவிட்டு, அதற்கு மேல் தெரிந்த எண்ணையெல்லாம் கத்தினார்கள். கலைப்பிரியா கரும்பலகையில் ஒவ்வொரு பிடிக்கும் ஒரு கோடு போட்டாள். பதினாலாவது பிடியில் முட்டை அடியிலேயே செங்குத்தாக எழுந்து நின்றது.

"நிக்குது! நிக்குது டீச்சர்!"

"இன்னும் போடணும்," என்றாள் சங்கவி.

பதினேழில் அது மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நடுத்தண்ணீரில் தொங்கியது. வெள்ளையம்மாள் சாம்பாரை மறந்துவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு. பத்தொன்பதாவது பிடியை அங்கன்வாடியின் நாலு வயது வெண்ணிலா போட்டாள். பாதி தரையில் சிந்தியது. சங்கவி கலக்கினாள். முட்டையை விட்டுக் கையை எடுத்தாள்.

முட்டை தண்ணீருக்கு மேலே தலையைக் காட்டியது.

எழுந்த சத்தத்தில், ஏதோ விழுந்துவிட்டது என்று பயந்து பிரான்சிஸ் சார் பக்கத்து வகுப்பிலிருந்து ஓடி வந்தார். பிள்ளைகள் அவரை இழுத்துப் போய்ப் பக்கெட்டுக்கு முன்னால் குனிய வைத்தார்கள். "யாரு செஞ்சது இது?" என்று அவர் கேட்டதும் இருபத்தைந்து விரல்கள் சங்கவியைக் காட்டின. கோகுலகிருஷ்ணனின் விரலும் அதில் இருந்தது.

"எங்க பாத்தித் தண்ணி இதவிட கெட்டி சார்," என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. வேலை முடித்து மகளைப் பார்க்க வந்த பாஞ்சாலி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. காலில் உப்பு காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது.

"உள்ள வாங்கம்மா," என்றாள் கலைப்பிரியா. "பாத்தி எப்படிக் கட்றது, உப்பு எப்படி வருதுன்னு பசங்களுக்குச் சொல்லுங்க."

"நான் இன்னாத்த டீச்சர் சொல்றது? நான் மூணாவதுதான் படிச்சேன்."

"இவங்க யாரும் மூணாவதைத் தாண்டலயே," என்றார் பிரான்சிஸ் சார்.

பாஞ்சாலி வாசலில் காலைத் துடைத்துத் துடைத்து உள்ளே வந்தாள். முதலில் சுவரைப் பார்த்துத்தான் பேசினாள். பிறகு ஒரு பிள்ளை, "உப்பு வெதையில முளைக்குமா?" என்று கேட்டதும் சிரிப்பு வந்து, அந்தச் சிரிப்பிலேயே கூச்சம் போய்விட்டது. சாக்பீஸ் கேட்டு வாங்கினாள். தரையில் உட்கார்ந்து கடலை வரைந்தாள், வாய்க்காலை வரைந்தாள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் போகிற பாத்திகளை வரைந்தாள். பிள்ளைகள் சுற்றிலும் குந்திக்கொண்டு, எந்தப் பாத்தியில் முட்டை மிதக்கும் என்று சண்டை போட்டார்கள். சங்கவி அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு, அவள் சொல்லாமல் விட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தாள். சாப்பாட்டு மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் கலைப்பிரியா வாரத் திட்ட நோட்டைப் பிரித்தாள். அடுத்த வாரத்துக்கு 'எடை' என்று எழுதி, ஐந்து நாளுக்கும் என்னென்ன செய்வது என்று முன்பே நிரப்பி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைக் கட்டத்தை மட்டும் அடித்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, கோகுலகிருஷ்ணனின் அம்மா கொளஞ்சிக்குப் போன் போட்டாள். அவர் மரக்காணம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர்.

"சொல்லுங்க டீச்சர். எம்புள்ள எதாச்சும் பேஜாரு பண்ணிட்டானா?"

"இல்லக்கா. வர்ற வெள்ளிக்கிழமை தராசு எடுத்துக்கினு ஸ்கூலுக்கு வர முடியுமா?"

"எதுக்கு டீச்சர், மீனு வேணுமா?"

"மீன் வேணாம்க்கா. எடை போடறதப் பத்திப் பசங்களுக்குச் சொல்லித் தரணும்."

"யாரு, நானா?"

"நீங்கதான்."

அந்தப் பக்கம் மீன் கூடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி யாரையோ கூப்பிடுவது கேட்டது. பிறகு கொளஞ்சி கேட்டார்: "எத்தன மணிக்கு வரணும்?"