கூட்டேரிப்பட்டில் முதல் இடம்

விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செல்போன் கடை மாடியில், ஞாயிற்றுக்கிழமையானால் ஜெகதீசன் சார் ஆன்லைன் வியாபாரம் சொல்லிக்கொடுப்பார். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. ஆனால் சொல்லிக்கொடுக்கிறவர் எந்த வயசானாலும் சார்தானே. முதல் வகுப்பில் ஒவ்வொருவரையும் எழுப்பி, என்ன தொழில் என்று கேட்டுக்கொண்டு வந்தார். ஒருத்தர் சேலை, ஒருத்தர் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையில் எண்ணெய், ஒரு பெண் கல்யாண ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை. எல்லோருக்கும் "சூப்பர், சூப்பர்" என்று தலையாட்டிக்கொண்டே வந்தவர் பிரபாவதியிடம் வந்து நின்றார்.

"திண்டிவனத்துல ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடறோம் சார்."

"ஐஸ்கிரீம் கடைங்களுக்கா மேடம்?"

"இல்லீங்க சார். செத்தவங்களுக்கு."

சூப்பர் வரவில்லை. ஆரி வேலைக்காரப் பெண் நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். என்னமோ பிரபாவதியின் கைப்பைக்குள் எமன் உட்கார்ந்திருக்கிற மாதிரி! ஊரில் எல்லோரும் இப்படித்தான். தேவைப்படுகிற அன்றைக்கு ஜல்தி வா, ஜல்தி வா என்று உயிரை வாங்குவார்கள். மற்ற நாளில் எதிரில் பார்த்தால் அடுத்த தெருவில் திரும்பிவிடுவார்கள். பிரபாவதிக்கு அதெல்லாம் பழகிப்போனது. அவள் பாடத்தைக் கேட்க உட்கார்ந்தாள்.

பாடம் ஒன்றும் மலையைப் புரட்டுகிற விஷயமில்லை. ஜனங்கள் எதையாவது கூகுளில் தேடுகிறார்கள். தேடினால் நூறு கடை வருகிறது. முதலில் வருகிறவனைத்தான் கூப்பிடுகிறார்கள், இரண்டாம் பக்கத்தில் இருக்கிறவனை அவன் பெண்டாட்டிகூடத் தேடுவதில்லை. காசு கட்டி விளம்பரம் போடாமல், தானாகவே முதலில் வருகிற மாதிரி நம்முடைய பக்கத்தைச் சரிசெய்துவைப்பதற்குப் பெயர் எஸ்.இ.ஓ. இதை ஜெகதீசன் சார் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, ஒரு மணி நேரம் சொன்னார். முடித்துவிட்டு, "டவுட்டு?" என்றார்.

பிரபாவதி கையைத் தூக்கினாள். "சார், எல்லா ஊருலயும் வர வாணாம். ஒரு ஊருல மட்டும் நாம மொத ஆளா வரணும்னா முடியுங்களா?"

"தாராளமா. எந்த ஊரு மேடம், திண்டிவனமா?"

"கூட்டேரிப்பட்டு."

சார் சிரித்துவிட்டார். "அங்க மாசத்துக்கு எத்தினி பேரு மேடம் இதைத் தேடப்போறாங்க? திண்டிவனம் போடுங்க, விழுப்புரம் போடுங்க."

"ஒரு வீட்டுல இருந்து ஒரு தடவை தேடினா போதுங்க சார்," என்றாள் பிரபாவதி. தமாஷ் பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

தமாஷ் இல்லை. அந்த ஒரு வீடு அவள் பிறந்த வீடு. அப்பாதுரையைக் கட்டிக்கொண்ட அன்றைக்கு அவளுடைய அண்ணன் சேரன் வாசல் கேட்டைச் சாத்தினான். வேற சாதிக்காரனை இழுத்துக்கொண்டு போனவளுக்கு இங்கே என்ன வேலை என்றான். அப்பா செத்தபோது சொல்லியனுப்பவில்லை. எடுத்து எரித்து, பாலும் தெளித்து முடித்த பிறகு, மயிலத்திலிருந்து வந்த பஸ்ஸின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்துத்தான் பிரபாவதிக்குத் தெரிந்தது. அப்பா மீசையோடு சிரித்துக்கொண்டிருந்தார். அவரை விழுப்புரத்துப் பெட்டியில் வைத்திருந்தார்களாம். அன்றைக்கு அவளுடைய பெட்டி திண்டிவனத்தில் ஷெட்டுக்குள் சும்மா கிடந்தது. ஊரான் வீட்டுப் பிணத்துக்கெல்லாம் தலைமாட்டில் நின்றவளுக்குப் பெற்றவன் முகம் கிடைக்கவில்லை. அது நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது.

இப்போது அம்மா கோவிந்தம்மாள் கை கால் விழுந்து படுக்கையில் கிடப்பதாகக் கேள்வி. மாசியில் ஒரு முறை போய் நின்று பார்த்தாள், கேட் திறக்கவில்லை. நாளைக்கு அம்மாவும் போய்ச் சேர்ந்தால் சேரன் சொல்லமாட்டான். ஆனால் பெட்டி வேண்டுமென்று போனில் தேடுவான் அல்லவா? தேடினால் முதலில் வருகிற நம்பரைத்தானே கூப்பிடுவான்? அந்த நம்பர் தன்னுடையதாக இருந்துவிட்டால் அம்மா முகத்தைப் பார்த்துவிடலாம். வேறு எதற்கும் அவள் ஆசைப்படவில்லை.

அப்பாதுரையிடம் சொன்னபோது, அவன் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தான். "இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு உனுக்கு?" என்றான். "என் பேரைப் பாத்தா அவன் போனைத் தூக்கிப் போட்டு ஒடைப்பான்."

உண்மைதான். அதனால் பெயரை மாற்றினார்கள். போர்டில் ஒரு பெயர், கூகுளில் ஒரு பெயர் என்று இருக்கக்கூடாது என்று சார் சொல்லியிருந்ததால், ஷெட்டு வாசலில் 'அப்பாதுரை ஃப்ரீசர் பாக்ஸ்' என்றிருந்ததை அழித்து, 'மயிலம் ரோடு ஐஸ் பெட்டி சேவை' என்று எழுதியாயிற்று. ஜனங்கள் வாயில் ஐஸ் பெட்டிதான், அவர்கள் எப்படித் தேடுவார்களோ அப்படித்தான் நாமும் எழுதவேண்டும் என்பது இரண்டாம் வாரப் பாடம். புதுசாக ஒரு சிம் கார்டும் வாங்கினாள். "கட்டின புருசன் பேரையே அழிச்சிட்டியே, நல்லா இருப்ப," என்றான் அப்பாதுரை. ஆனால் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவன்தான்.

மூன்றாம் வாரம் ஊர் ஊராகப் பக்கம் எழுதச் சொன்னார் சார். மயிலத்துக்கு எழுதினாள், செஞ்சிக்கு எழுதினாள். கூட்டேரிப்பட்டுக்கு எழுத உட்கார்ந்தபோது கை வரவில்லை. 'கூட்டேரிப்பட்டில் துக்க வீடுகளுக்கு உடனடிச் சேவை.' பெற்ற தாய் உயிரோடு கிடக்கும்போது மகள் எழுதுகிற எழுத்தா இது? எழுதி அழித்தாள், எழுதி அழித்தாள். கடைசியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எழுதியே முடித்தாள்.

அடுத்து போட்டோ. பெட்டியைப் பளபளவென்று துடைத்து, ஷெட்டு வாசலில் வைத்துத் தானே எடுத்துப் போட்டாள். ஜெகதீசன் சார் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மேடம், கண்ணாடியில நீங்க தெரியறீங்க. பச்சைப் பொடவை, கையில போனு, எல்லாம் தெரியுது. வேற எடுத்துடுங்க," என்றார். எடுக்கிறேன் என்றாள். அப்புறம் பெட்டிக்கு மேல்மலையனூர் பக்கத்திலிருந்து ஆள் வந்துவிட்டது, மறந்தே போனாள்.

கூத்து நடந்தது ஐந்தாம் வாரம். வாடிக்கையாளர் நல்லவிதமாக நாலு வார்த்தை எழுதி ஸ்டார் போட்டால் கடை மேலே ஏறும் என்று சொல்லி, எல்லோருக்கும் ஒரே வாட்ஸ்அப் வாசகத்தைச் சார் கொடுத்தார். முதலிடம் முதலிடம் என்று மனசு பூராவும் அதிலேயே இருந்ததால், பிரபாவதி அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் தானாகப் போகிற மாதிரி வைத்துவிட்டாள். திண்டிவனத்தில் ஒரு வீட்டில் பால் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்த மகனுக்கு அது போய்ச் சேர்ந்தது: 'எங்கள் சேவையைப் பயன்படுத்தியதற்கு நன்றி! உங்கள் குடும்பத்துக்கு மீண்டும் சேவை செய்யக் காத்திருக்கிறோம்!'

அந்த ஆள் பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்கே வந்துவிட்டான். "அடுத்து யாரு சாவணும்னு காத்துக்கினு இருக்கீங்க? சொல்லுங்க, கேட்டுக்கினு போறோம்!"

பிரபாவதி தலையில் அடித்துக்கொண்டாள். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போயிட்டு வர்றேன் என்று சொல்லக்கூடாது, யாரிடமும் சொல்லாமல்தான் வரவேண்டும். இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவள் ஒரு தடவைகூட அந்த வார்த்தையை விட்டதில்லை. இப்போது ஸ்டார் போட்டு அனுப்பியிருக்கிறாள்! அப்பாதுரை கையெடுத்துக் கும்பிட்டு அவர்களை அனுப்பிவைத்தான். "இந்தத் தொழிலுக்கு ஸ்டாரும் வாணாம், மண்ணும் வாணாம்," என்றான். அன்றோடு ஸ்டார் ஆசையை விட்டாள். மிச்சப் பாடத்தை விடவில்லை.

உன் போனில் தேடினால் உன் கடைதான் முதலில் வரும், அதை நம்பாதே என்று சார் சொல்லியிருந்தார். தேடுகிறவன் எங்கே நிற்கிறான் என்பதைப் பார்த்துத்தான் கூகுள் காட்டும், அந்த ஊரில் நின்று, நம் கூகுள் கணக்கிலிருந்து வெளியே வந்து தேடிப் பார்க்கவேண்டும். ஆகவே வகுப்புக்குப் போகும் ஞாயிறுகளில் பிரபாவதி கூட்டேரிப்பட்டில் நின்று போகிற பஸ்ஸாகப் பார்த்து ஏறினாள். கூட்ரோட்டில் ஆள் ஏற்றுகிற நேரத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே ஐஸ் பெட்டி என்று தேடுவாள். இறங்கமாட்டாள். உள்தெருப் பக்கம் தலையைத் திருப்பக்கூடமாட்டாள். முதலில் ஐந்தாவதாக வந்தது. ஆடி பிறந்தபோது இரண்டாவது. ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் இடம். மயிலம் ரோடு ஐஸ் பெட்டி சேவை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் "இன்னாம்மா, பரிட்சையில பாஸா?" என்று கேட்கிற அளவுக்கு அவள் முகம் மலர்ந்துபோயிற்று. எதற்காகச் சந்தோஷப்படுகிறோம் என்று அடுத்த நிமிஷமே உறைத்தது. விழுப்புரம் வரைக்கும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே போனாள்.

புரட்டாசியில் ஒரு காலை, இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது புது சிம் அடித்தது.

"ஐஸ் பெட்டிங்களா?"

எத்தனை வருஷமானால் என்ன, கூடப் பிறந்தவன் குரல் தெரியாதா? பிரபாவதி அடுப்பை அணைத்தாள். வாய் மட்டும் பழக்கத்தில் பேசியது. "ஆமாங்க. எந்த ஊருங்க?"

"கூட்டேரிப்பட்டு."

"தவறினது யாருங்க?"

"அம்மா," என்றான் சேரன். "ஜல்தி வாங்க." வைத்துவிட்டான்.

அவள் அழுததை அப்பாதுரை தடுக்கவில்லை. பெட்டியை ஏற்றி, வேனிலேயே ஜெனரேட்டரைப் போட்டுக் குளிரவிட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான். பாதி வழியில், "எந்தத் தெரு, எந்த வீடுன்னு சொன்னானா?" என்று கேட்டான்.

"சொல்லல," என்றாள். "நானும் கேக்கல." அதற்கு மேல் யோசிக்கிற நிலையில் அவள் இல்லை.

கேட் திறந்து கிடந்தது. வேனிலிருந்து அவள் இறங்கியதும் பந்தலுக்கு அடியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி வாயில் துணியை வைத்துக்கொண்டாள். சேரன் தலை நரைத்துப்போய், அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். ஐஸ் பெட்டிக்காரியை யார் தடுப்பது? பிளக் எங்கே என்று கேட்டாள், காட்டினார்கள். நாலு பேர் தூக்க, தலைக்குக் கையைக் கொடுத்து அவளே அம்மாவைப் பெட்டிக்குள் படுக்கவைத்தாள். உரித்த மல்லாட்டைத் தோல் மாதிரி இருந்தாள் அம்மா, எடையே இல்லை. சேலையை இழுத்துக் கால்வரைக்கும் மூடினாள். கண்ணாடியைச் சாத்தித் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் கண்ணாடி நனைந்துகொண்டே இருந்தது.

ஒயர் எட்டவில்லை. வேனிலிருந்து இன்னொன்று எடுத்துவரத் தெருவுக்கு வந்தவள், எதிர்ச்சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள். ஆள் உயரத்துக்குச் சிவப்பு எழுத்து: 'தாண்டவராயன் ஐஸ் பெட்டி. 24 மணி நேரமும்.' சுவருக்குப் பக்கத்திலேயே தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் பெட்டி, கண்ணாடியெல்லாம் புதுசு. சித்திரையில் திறந்த கடையாம். கூகுளில் பெயர் கிடையாது, சுவரில் மட்டும்தான். மாதக்கணக்காக அவள் போனைத்தான் பார்த்தாள், தெருவைப் பார்க்கவில்லை. கேட்டைத் திறந்தால் கண்ணெதிரே பெட்டி நிற்கிற வீட்டில், எவன் கூகுளில் தேடுவான்?

கொட்டகைக்காரர் தாண்டவராயன் அவளைப் பார்த்து எழுந்து வந்தார். "நீதான் அந்தத் திண்டிவனத்துப் பொண்ணா? நானும் காலையிலயே போய் நின்னேம்மா. எதிர் வூட்டுக்காரன், அவசரத்துக்கு நம்மள்த வெச்சிக்கோ, வாடகைகூட வாணாம்னேன். வாணாம்னுட்டாரு. ரொம்ப நாளா எடுத்து வெச்சிருக்கேன்னு போனுல ஒரு படத்தைக் காட்டினாரு. இந்தா பாரு, பெட்டிக் கண்ணாடியில பச்சைப் பொடவை கட்டிக்கினு நிக்குதே, இது எங்க பாப்பா, இது எடுத்துக்கினு வரும்னாரு."

பிரபாவதி ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்று அழுதாள். துக்கம் பாதி, ஆத்திரம் பாதி. பாவி, தெரிந்திருக்கிறது! நம்பரையும் போட்டோவையும் கையில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறான். பெட்டிக்காரியாகத்தான் வரலாம், மகளாக வரக்கூடாதா?

உள்ளே போய் ஒயரை மாட்டினாள். பெட்டி உறுமி ஓட ஆரம்பித்தது. சேரன் தலையைத் தூக்காமல், "கரண்ட்டு போனா இன்னா பண்றது?" என்று கேட்டான். அவனுக்கு வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

"ஜெனரேட்டர் கீது. எடுக்கிற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்," என்றாள். பிறகு அடக்கமுடியாமல், "போன வாரமே கூப்ட்டு இருக்கக் கூடாதாண்ணா? கண்ணத் தொறந்து என்னப் பாத்திருக்கும்ல?" என்றாள்.

சேரன் அம்மாவின் தலைமாட்டிலிருந்து கொஞ்சம் நகர்ந்து, அவளுக்கு இடம் விட்டான். அவள் உட்கார்ந்தாள்.