வரிக்கு ஒருவர்

கணினிச் சோதனை நிரலில் சொற்கள் போதாவிட்டால் அந்த அலுவலகத்தில் ஊழியர்களே போய் நிற்பார்கள். அன்று சுகந்தியின் முறை. கட்டளையில் ‘--யாரோடு’ என்ற ஆப்ஷனாக அவள் நின்றாள். ஆப்ஷன் என்றால் அதற்குப் பதிலாகப் பக்கத்தில் ஒரு மதிப்பு வேண்டும். குடை கொடுக்க வந்திருந்த அவள் கணவன் ராஜதுரையை அந்த மதிப்பாகப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். அவனுக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்து ‘--யாருக்காக’வாகக் கணக்குப் பிரிவு கலாவதி நின்றாள். அவளுடைய மதிப்பு டீ குடிக்கப் போயிருந்தது.

எல்லாரும் ஒரே வரியில் நின்றார்கள். யாருக்கு யார் என்று பார்த்தாலே தெரிந்தது.

ஃபார்மேட்டர் வந்தார். ஒரு கையில் ஸ்கேல், மறு கையில் பை நிறையக் கால்புள்ளிகள். நிரலை அழகாக அடுக்குவது அவர் வேலை. அவருக்கு யார் மீதும் கோபம் கிடையாது.

“வரி நீளமாயிருச்சுங்க. இனி வரிக்கு ஒருத்தர்தான்.”

“நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுங்க” என்றான் ராஜதுரை.

“அப்பக் கையப் புடிச்சுக்குங்க. நடுவால சமக்குறி போட்ட மாதிரி. ஒரே ஆளுன்னு விட்டுருவேன்.”

ராஜதுரை கையை நீட்டினான். ஆபீஸே டீ டம்ளரோடு வேடிக்கை பார்த்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ரோட்டைத் தாண்டும்போதுகூட அவள் அவன் கையைப் பிடித்ததில்லை. இங்கேயா பிடிப்பாள்? உடம்பெல்லாம் கூசியது. துப்பட்டாவைச் சரிசெய்கிற சாக்கில் கையை இழுத்துக்கொண்டாள்.

“பேசாம நில்லுங்க. எல்லாரும் பாக்கறாங்க.”

ஃபார்மேட்டர் ஆளுக்கொரு கால்புள்ளியைக் கழுத்தில் மாட்டினார். கடைசி ஆளுக்கும் உண்டு, அதுதான் விதி. சுகந்தி ஒரு வரி. ராஜதுரை அடுத்த வரி. கலாவதி அதற்கடுத்த வரி. வரிக்கு வரி ஒரு மாடி கீழே இறங்கியது. ராஜதுரையின் உச்சந்தலை மட்டும் கீழே தெரிந்தது.

சரிபார்க்கிற மேலாளர் திருமலைசாமி லிஃப்டில் வந்தார். ராஜதுரையின் வரியில் நிறுத்தி, மேலும் கீழும் பார்த்தார்.

“இந்த ஆள் யாரோடதுங்க?”

என்னோடது என்று சொன்னால் போதும். படிக்கட்டு முழுக்க முகங்கள். சுகந்தி தரையைப் பார்த்தாள்.

“குடை குடுக்க வந்தவருங்க” என்றாள்.

சொன்னதும் முகம் எரிந்தது. ராஜதுரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அப்ப கீழ இருக்கறவங்களோடதா இருக்கும்” என்ற திருமலைசாமி, அவனை ஒரு மாடி இறக்கிக் கலாவதி பக்கத்தில் நிறுத்தினார். கலாவதிக்கு வெட்கமெல்லாம் கிடையாது. சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டாள். சோதனை தேறியது. பச்சை விளக்கு எரிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். சுகந்தியும் தட்டினாள்.

பிறகுதான் ஓடினாள். படிகள் கூடிக்கொண்டே போயின. கால்புள்ளி கழுத்தில் இடித்தது. மூச்சு வாங்க அவன் முன்னால் போய் நின்று, அத்தனை பேர் பார்க்கக் கையை நீட்டினாள்.

“ஏனுங்க, வீட்டுக்குப் போலாம் வாங்க.”

ராஜதுரை அவளை மரியாதையாகப் பார்த்தான்.

“மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. நான் இவங்களோட ஆளுங்க. இந்தக் குடை உங்களுதுங்களா?”

கைப்பிடியை அவள் பக்கம் திருப்பி, தன் விரல் பட்டுவிடாதபடி குடையின் நுனியைப் பிடித்து நீட்டினான்.