நிதானத்தின் வண்டி

எழுந்திருக்கப் போனவளின் தோளைப் பிடித்து நாத்தனார் மறுபடியும் உட்கார வைத்தாள்.

"எங்கம்மா எந்திரிக்கிற? பிள்ளை வர்ற வரைக்கும் தலைமாட்டுல நீதான் இருக்கணும்."

"வாசனை வருதுக்கா."

"என்ன வாசனை?"

"கேஸ்."

நாத்தனார் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு எதிரே இருந்த பெண்களிடம் கண்ணாலேயே கேட்டாள். அவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். காலையிலிருந்து அழுததில் ஒருத்திக்கும் மூக்கு திறந்திருக்கவில்லை. துக்கத்தில் அப்படித்தான் ஏதாவது தோன்றும், தண்ணீர் குடி என்று ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி அவளுடைய முதுகைத் தடவிவிட்டாள்.

அவள் தண்ணீரைக் குடித்தாள். வாசனை போகவில்லை. அழுகிய முட்டையும் முட்டைக்கோசும் கலந்ததுபோல ஒன்று, மெல்லியதாக, தலைக்கு மேலே எங்கிருந்தோ இறங்கிக்கொண்டிருந்தது.

கட்டிலில் உயிரற்றுக் கிடந்த அவளுடைய கணவர் டாக்சி ஓட்டுபவர். ஸ்டாண்டில் அவருக்கு நிதானம் என்று பெயர். பயணிகள் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்வார். வண்டியைப் பெட்ரோலிலிருந்து கேஸுக்கு மாற்றியபோதும் அவளிடம் அதையேதான் சொன்னார். டிக்கிக்குள் அந்தக் கனத்த சிலிண்டரைப் பார்த்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குண்டைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறாரே என்று புலம்பினாள். வாரத்துக்கு ஒரு தடவையாவது கேஸ் வாசனை வருகிறது என்பாள். அவரும் முகம் சுளிக்காமல் சோப்பு நுரையைக் கொண்டுபோய்க் குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் பூசிப் பார்ப்பார். ஒரு குமிழும் வராது. "லீக்கு வண்டியில இல்ல, உன் மூக்குலதான்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு சொந்தபந்தம் முழுக்கப் பரவி, விருந்துக்குப் போன இடத்தில்கூட அவளைப் பார்த்தால் யாராவது மூக்கைப் பொத்திக்கொண்டு கேலி செய்வார்கள்.

ஒரு நாள் அவர் உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னார். இந்த கேஸ் அடுப்பு கேஸ் மாதிரி தரையில் தேங்காதாம். காற்றைவிட லேசாம். "நல்லவங்க மாதிரி. அடைச்சு வைக்காம விட்டா நேரா மேலே போயிடும்." அதனால்தான் அவர் வண்டியை ஷெட்டுக்குள் விடுவதே இல்லை. வெயிலோ மழையோ, தெருவில்தான் நிற்கும்.

வண்டி இப்போது எங்கே நிற்கிறது?

காலையில் கேஸ் நிலையத்தில் பயணியை இறக்கிக் கோட்டுக்கு அப்பால் நிற்க வைத்துவிட்டு, கேஸ் பிடித்திருக்கிறார். பிடித்து முடித்ததும் பின்னால் வரும் வண்டிக்கு வழிவிட்டுக் கொஞ்சம் தள்ளி ஓரமாக நிறுத்தி, இன்ஜினையும் அணைத்துவிட்டு, ஸ்டீயரிங்கின்மேல் தலையைச் சாய்த்தவர்தான். களைப்பில் கண்ணசருகிறார் என்று பயணி காத்திருந்தாராம். மாரடைப்பு என்றார் டாக்டர். நிலையத்தில் வேலை பார்க்கும் ஒருவர்தான் பிறகு காரைக் கொண்டுவந்து விட்டார். செத்தவருடைய வண்டி வெயிலில் கிடக்க வேண்டாமே என்று ஷெட்டுக்குள் ஏற்றி, தகரக் கதவையும் சாத்திவிட்டுப் போனார். மரியாதைக்காகச் செய்ததுதான்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். கூடத்துக்கும் ஷெட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதன் உச்சியில் காற்றுக்காக விட்ட ஜன்னல், ஷெட்டின் தகரக் கூரைக்குச் சற்றுக் கீழே, திறந்தபடி இருந்தது. சிலிண்டர் நிறைய கேஸ். காய்கிற தகரம். மேலே போக வழியில்லாதது இந்த ஜன்னல் வழியாகத்தான் வரும்.

இந்தத் தடவை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நாத்தனாரின் கையை விலக்கிவிட்டு எழுந்து நேரே சமையலறைக்குப் போனாள். பக்கத்து வீட்டுக்காரி தேநீருக்குப் பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்திருந்தாள். இவள் அடுப்பைத் திருகி அணைத்தாள். இன்னும் கொதிக்கலையே என்றவளிடம், யாரும் எந்தச் சுவிட்சையும் தொடக்கூடாது, எல்லோரும் பின்கதவு வழியாகத் தெருவுக்குப் போகட்டும் என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

முன்வாசலில் கொழுந்தன் ஷெட் கதவில் சாய்ந்துகொண்டு யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தார். வாயில் பற்றவைக்காத சிகரெட். கார்ச் சாவியைக் கேட்டாள். அவர் சட்டைப்பையில் கைவிட்டு எடுத்ததில் சாவியோடு லைட்டரும் சேர்ந்து வந்தது. அவள் இரண்டையும் பிடுங்கிக்கொண்டாள்.

"அண்ணி, என்ன இது? உள்ளே அண்ணன் கிடக்கிறாரு, நீங்க..."

"தம்பி, தெருக்கோடித் தூண்ல மெயின் இருக்கு. அதை இறக்குங்க. எல்லாரையும் தள்ளிக் கூட்டிட்டுப் போங்க. என்கூட வராதீங்க."

லைட்டரைத் தெருவுக்கு அப்பால் வீசினாள். அதைப் பார்த்த பிறகுதான் கொழுந்தனுக்கு முகம் வெளுத்தது. அவர் ஓடினார்.

தகரக் கதவு உரசாமல் இருக்க அதைத் தூக்கிப் பிடித்தபடி அங்குலம் அங்குலமாகத் திறந்தாள். உள்ளிருந்து வாசனை அனலோடு முகத்தில் அடித்தது. அதன் பின்னால் சத்தம். புஸ்ஸென்று, பல் இடுக்கில் மூச்சை விடுவதுபோல, விடாமல். இத்தனை காலம் கனவில் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்த சத்தம் இதுதான். கனவில் இதைவிடப் பெரிதாக இருக்கும்.

ஓடிவிடலாம். எல்லோரும் வெளியே போயாகிவிட்டது. வீடு போனால் போகட்டும். கால் திரும்பியும்விட்டது. அப்போதுதான் எல்லோரும் போகவில்லை என்பது உறைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் படுத்திருந்தார். அவரால் எழுந்து போக முடியாது.

மெயின் இறங்கிவிட்டது. உள்ளே மின்விசிறியின் சத்தம் தேய்ந்து நின்றது. அவள் சாவியை டிக்கியில் நுழைத்தாள். மெல்லத் திருப்பினாள். மூடி எழும்பியதும் உள்ளே சின்ன விளக்கு ஒன்று தானாகவே பளிச்சென்று எரிந்தது. அப்படி ஒன்று இருப்பதை அவள் மறந்தே போயிருந்தாள். கண்களை இறுக மூடிக்கொண்டாள். பிள்ளையின் முகம் வந்தது. ரயிலில் வந்துகொண்டிருப்பான்.

ஒன்றும் ஆகவில்லை.

சிலிண்டரின் கழுத்தில் வால்வைத் திருகும் குமிழ் இருந்தது. எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று அவர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அப்போது பயத்தில் காதைப் பொத்திக்கொண்டாள். இடப்பக்கம் திருகினாள். அசையவில்லை. அப்படியானால் முழுக்கத் திறந்திருக்கிறது. வலப்பக்கம் திருகினாள். இரண்டு கையாலும் பிடித்து, உடம்பையே அதன்மேல் போட்டு, பல்லைக் கடித்துத் திருகினாள். கொஞ்சம் அசைந்தது. பிறகு இன்னும் கொஞ்சம். சத்தம் மெலிந்து நூலாகி அறுந்தது. அவள் திருகுவதை நிறுத்தவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்ததுகூடத் தெரியவில்லை.

நாலைந்து ஆண்கள் காரைத் தள்ளிப் போய்த் தெருமுனைக் காலி மனையில் விட்டார்கள். யாரோ சொல்லி ஒர்க் ஷாப் மெக்கானிக் வந்து சேர்ந்தார். வால்வுக்கு அடுத்த இணைப்பில் நட்டு தளர்ந்திருப்பதாகச் சொன்னார். திங்கட்கிழமை வண்டியைக் கொண்டு வருகிறேன் என்று நிதானம் அவரிடம் சொல்லியிருந்தாராம். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து போட்டு, காற்று ஓடட்டும், கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போகலாம் என்றார்.

அந்தக் கொஞ்ச நேரம் கழிந்த பிறகும் யாரும் உள்ளே போகவில்லை. எதிர்வரிசை நிழலில் கூட்டமாக நின்றார்கள். நாத்தனார் தன் தம்பியின் வீட்டு வாசலையே பார்த்தபடி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள். பிறகு அவளருகே வந்து நின்றாள்.

"அவர் தனியா இருக்காருக்கா" என்றாள் அவள்.

"இரும்மா. இன்னும் வாசனை இருக்கும்."

"இருக்குது" என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்தாள்.

கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. அவசரத்தில் விட்டுப்போன செருப்புகள், கவிழ்ந்த தம்ளர், தரையில் ஓடிய தண்ணீர். அவர் அப்படியே படுத்திருந்தார். மெயினை இன்னும் ஏற்றவில்லை. புழுக்கம் மூச்சை அடைத்தது. ஒரு ஈ அவர் நெற்றியில் உட்கார்ந்து எழுந்து மறுபடியும் உட்கார்ந்தது.

நாற்காலியில் கிடந்த செய்தித்தாளை மடித்து எடுத்துக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்தாள். விசிற ஆரம்பித்தாள். உரிந்த உள்ளங்கை எரிந்தது. ஈ எழுந்து பறந்தது. அது திரும்பி வராமல் இருக்க இன்னும் வேகமாக விசிறினாள்.