ஷார்ஷென் ஒன்பதாம் மாடி வீட்டை லாபத்துக்கு விற்ற கதை

ரொட்டியைத் தொட்டுச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் பற்கள் இன்றைக்கே கொட்டட்டும். மிச்சமிருப்பவை மூன்றுதான். அதனால் யோசித்துத்தான் சொல்கிறேன்.

நரின் மலைப்பக்கத்து ஷார்ஷென் என் நண்பன். தலைநகர் பிஷ்கெக்கில் வீடு வாங்கிப் போட்டால் பனிக்காலம் முடிவதற்குள் பணம் இரட்டிப்பாகும் என்று யாரோ அவன் காதில் ஓதிவிட்டார்கள். பெட்டைக் குதிரைகள் அத்தனையையும் விற்று, ஒரு கட்டடக்காரனிடம் பணத்தைக் கொடுத்து ஒன்பதாம் மாடியில் ஒரு வீட்டை வாங்கினான். குதிரைகளை வாங்கியவன் ஒரு கெடு வைத்தான்.

"மேய்ச்சலுக்கு மலையேறுறதுக்குள்ள பணத்தோட வா, எல்லாத்தையும் திருப்பித் தர்றேன். இல்லேன்னா கறிக்கடைக்குத்தான் அனுப்பணும், அண்ணே. தீவனம் விக்கிற விலைக்கு நான் என்ன பண்ணட்டும்?"

சரியென்று ஷார்ஷென் விற்பனைக்கு விளம்பரம் கொடுத்தான். வீடு பார்க்க ஆட்கள் வந்தார்கள். அங்கேதான் வினை பிடித்தது.

"வீட்டுப்படி ஏறினவங்க வெறும் வாயோட போறதா? ஒரு வாய் ரொட்டி பிட்டுப் போட்டுட்டுப் போகட்டும்ங்க," என்றாள் அவன் மனைவி புருல். ரொட்டிக்குத் துணையாகத் தேநீர் வந்தது. தேநீர் தனியாக இருக்குமா? ஆட்டுக்கறி வந்தது. கறி வந்த பிறகு அவர்கள் விருந்தாளிகள். விருந்தாளியிடம் போய் விலை பேசுவது எப்படி? ஷார்ஷென் இன்னொரு துண்டு கறியை எடுத்து வைப்பான். வந்தவர்கள் வயிறாரத் தின்று, இரு கையாலும் முகத்தைத் தடவி வாழ்த்திவிட்டு, வீடு நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிடுவார்கள்.

சேதி பரவியது. ஓஷிலிருந்து பஸ் பிடித்து வந்து வீடு பார்த்தார்கள். தலாஸில் ஒரு கல்யாணத்துக்குப் போன கூட்டம், அங்கே சாப்பாடு சுமார் என்று நேரே இங்கே வந்து வீடு பார்த்தது. ஒருநாள் அவர்களை ஏற்றிக்கொண்டு இறங்கிய லிஃப்ட் மறுபடி மேலே வரவேயில்லை, அலுத்துவிட்டது. எட்டாம் மாடிக்காரன் மேலிருந்து வரும் சூப் வாசனையையும் சேர்த்துத் தன் வீட்டுக்கு விலை சொன்னான். நல்ல லாபத்துக்கு விற்றும்விட்டான்.

ஷார்ஷென் வீடு மட்டும் அப்படியே கிடந்தது. பனி உருகத் தொடங்கியது.

"அந்தச் சாம்பல் குதிரை என் கையில பொறந்துச்சுப்பா," என்றான் என்னிடம். "அத வெட்டிக் குடல்ல அடைச்சு, சுசுக் போட்டுத் தின்னுருவானுங்க."

"அப்ப விலையச் சொல்லித் தொலையேன்டா!"

"என் வீட்டுல சாப்பிட்டவன்கிட்டயா? எங்கப்பன் குழியிலேருந்து எழுந்து வந்து அறைவான்."

புருல் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். "விருந்தாளிகிட்ட கேக்கத்தானே கூச்சம்? நீங்களே விருந்தாளியாகிருங்க."

அன்று வந்தவர் மமாசாலி, துணி வியாபாரி. வீடு பார்க்க அடிக்கடி பசியோடு வருபவர். புருல் அவர் கையில் தேநீர்க் குடுவையைக் கொடுத்து, "கொஞ்சம் பாத்துக்குங்க அண்ணே, இதோ வந்துர்றோம்," என்று கணவனை வெளியே இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். பிறகு தட்டினாள்.

மமாசாலி கதவைத் திறந்தார். வாசலில் ஆள் நின்றால் வாய் தானாகச் சொல்லுமே: "வாங்க வாங்க! உள்ள வாங்க, ரொட்டி ஒரு வாய் பிட்டுக்குங்க."

அவ்வளவுதான். அழைத்தவர் வீட்டுக்காரர் ஆகிவிட்டார். தேநீர் ஊற்றினார், கறியின் நல்ல துண்டை ஷார்ஷெனுக்கு வைத்தார்.

"தயங்காம சொல்லுங்க தம்பி, என்ன விஷயமா வந்தீங்க?"

"இந்த வீட்டுக்குப் பணம் வேணும்ணே. வாங்கினதுல ரெண்டு பங்கு."

மமாசாலிக்கு முகம் வெளுத்தது. ஆனால் தன் வீட்டில் சாப்பிடும் விருந்தாளி கேட்டதை எப்படி இல்லையென்பது? "ஐயோ, இதுக்கா இவ்ளோ யோசிச்சீங்க?" என்று பையைத் திறந்தார். அவர்கள் கிளம்பும்போது வழிக்கு ரொட்டியும் கட்டிக் கொடுத்தார்.

மந்தை மலையேறிய அன்று காலையில் ஷார்ஷென் பணத்தோடு போய்ச் சேர்ந்தான். சாம்பல் குதிரை அவன் தொப்பியைக் கவ்விக்கொண்டு விடவேயில்லை. அப்படியே அவனை மலைவரை இழுத்துப் போயிற்று. புருல் பின்னால் சிரித்துக்கொண்டே நடந்தாள்.

ஷார்ஷெனிடம் பணம் வாங்கிய கட்டடக்காரன், அந்த ஒன்பது மாடியும் நிற்க வேண்டிய இடத்தில் இன்றுவரை ஒரு செங்கல்கூட வைக்கவில்லை.