எந்தச் சனம்?

யோகத்துக்கு அந்தப் புத்தகம் கிடைத்ததற்குக் காரணம் அவளுடைய அண்ணன் இராஜரத்தினத்தின் பயம். சிங்கப்பூர்த் துறைமுகக் கந்தோரில் அவன் கிளாக்கர், அலுவலக எழுத்தர். அவனும் கூட்டாளிகளும் முறை வைத்து, அரசியல், சமூகம், மனித சுபாவம் பற்றி, "இதைக் கட்டாயம் வாசி" என்று ஒரு புத்தகத்தைச் சிபாரிசு செய்வார்கள். அது கைமாறிக் கைமாறி எல்லார் வீட்டுக்கும் போகும். வெள்ளைக்காரத் துரை கண்ணில் பட்டால் வேலைக்கே உலை. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிப் பழுப்புத் தாள் உறை, தலைப்பு எழுதுவதில்லை. வீட்டிலிருந்த புராணத்துக்கும் அதே உறையைப் போட்டு வைத்தான் அந்த மகாராசன், யாராவது கேட்டால் எடுத்துக் காட்டலாமாம். இவ்வளவு யோசித்தவனுக்கு எது எது என்று ஓர் அடையாளம் வைக்கத் தோன்றவில்லை பாருங்கள்! தங்கச்சி மன ஆறுதலுக்கு வாசிக்கட்டும் என்று புராணம் கொடுத்தான். கொடுத்தது புராணமில்லை.

மன ஆறுதல் அவளுக்கு நிறையவே வேண்டியிருந்தது. புருஷன் காய்ச்சலில் போய் ஒரு வருடமாகிறது. கைம்பெண்ணுக்குச் சிங்கப்பூரில் என்ன வேலை, மகள் குணமணியோடு யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேற்றி விடுவோம் என்று சொந்தக்காரர்களுக்குள் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அண்ணனோடு அவள் இருக்கும் சிராங்கூன் சாலை வீட்டில் கூடி முடிவு சொல்லப்போகிறார்கள். குணமணி இங்கே பள்ளிக்கூடம் போகிறாள், வாய் ஓயாமல் பாடம் ஒப்பிக்கிறாள். ஊரில் புருஷன் வீட்டார் பெண்பிள்ளையைப் படிக்க விடமாட்டார்கள்.

புத்தகத்தைத் திறந்தவள் திகைத்துப் போனாள். கடவுளையும் காணோம், அசுரனையும் காணோம். அரசன் ஏன் அதிகாரம் செய்கிறான், ஜனங்கள் ஏன் பணிகிறார்கள் என்று போய்க்கொண்டிருந்தது. மூடி வைக்க மனம் வரவில்லை. நடுவில் ஓரிடத்தில் சொல்லியிருந்தது: கூட்டத்தில் இருக்கும் மனிதன் தன் எண்ணத்தைச் சொல்வதில்லை, மற்றவர்கள் எண்ணுவதாகத் தான் நினைப்பதையே சொல்கிறான். அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அட, நம்மட ஆக்களைப் பற்றியல்லவா எழுதியிருக்கிறது!

அடுத்த நாளே முக்காட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். முதலில் டோபி காட் பக்கம், புருஷனின் தாய்மாமன் அம்பிகைபாகன் வீடு.

"மாமா, நான் இஞ்சை இருக்கிறது உங்களுக்கு விருப்பமில்லையோ?"

"எனக்கென்ன பிள்ளை? தாராளமா இரு. ஆனால் சனம் கதைக்குமெல்லே."

"எந்தச் சனம் மாமா?"

"ஏன், உந்த விஸ்வலிங்கம் ஒருத்தன் போதாதே!"

விஸ்வலிங்கம் புருஷனின் பெரியப்பா. அவரிடம் போனாள். "சீ, நான் ஏன் தடுக்கப் போறன்? இராசமலர் மாமியின்ர வாய்க்குத்தான் பயம்" என்றார். உறவுக்கே மூத்தவள் இராசமலர் மாமி. அவளோ யோகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். "இரு மோனை, பிள்ளையைப் படிப்பி. ஆனால் அம்பிகைபாகன் ஒத்துக்கொள்ள மாட்டானே!"

யோகத்துக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்தார்கள். தேநீர் குடித்தார்கள். அம்பிகைபாகன் தொண்டையைச் செருமி, "சனம் கதைக்கும், அதாலை..." என்று தொடங்கினார். யோகம் கதவோரத்திலிருந்து நடுக்கூடத்துக்கு வந்தாள்.

"மாமா, நீங்கள் பெரியப்பாவுக்குப் பயம் எண்டியள். பெரியப்பா மாமிக்குப் பயமாம். மாமி உங்களுக்குப் பயமாம். நீங்கள் மூண்டு பேரும் என்னை இருக்கச் சொல்லிப் போட்டியள். இனி எந்தச் சனம் எண்டு சொல்லுங்கோ, அவையளிட்டையும் போய்க் கேட்டுட்டு வாறன்."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது இராசமலர் மாமிதான். "பிறகென்ன, இருக்கட்டும்!" என்றாள். ஆண்கள் இருவரும், தாங்கள் எப்போதும் அதைத்தான் சொல்லிவந்ததுபோல, பெருமையாகத் தலையாட்டினார்கள். ஆண்கள்!

எல்லாரும் போன பிறகு யோகம் பழுப்பு உறைப் புத்தகத்தைக் கொண்டுவந்து அண்ணன் கையில் வைத்தாள். "அண்ணை, நீங்கள் மாறித் தந்தது. உங்களுக்குக் கோடி புண்ணியம்."

இராஜரத்தினம் முதல் பக்கத்தைப் பார்த்தான். முகம் வெளிறியது, பிறகு மெல்லச் சிவந்தது. கோபிக்கப்போகிறான் என்று அவள் நினைத்தாள்.

"எல்லாரிட்டையும் போய்க் கேட்டாய்" என்றான். "ஒரே வீட்டிலை இருக்கிற என்னட்டை ஏன் கேக்கேல்லை?"

"மற்றவை போ எண்டால் சண்டை பிடிச்சிருப்பன் அண்ணை. நீங்கள் போ எண்டு சொல்லியிருந்தால் நான் போயிருப்பன். அந்தப் பயத்திலைதான் கேக்கேல்லை."

அவன் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

"நீ போகத்தான் ஆசைப்படுறாய் எண்டு நான் நினைச்சுக்கொண்டிருந்தன்" என்றான்.